கையெழுத்துக்கு முந்தைய நாள்

அன்புள்ள வாசகர்களுக்கு,



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சிறுவர் கதைகள் எழுதுகிறவர். நம் இதழில் வந்த அவருடைய கதைகளை உங்களில் பலர் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பாலிதீன் உறை, உறைக்குள் நாலாக மடித்த இரண்டு தாள்.

"தம்பி, இதுல என்னதான் எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். பெங்களூரில் இருக்கும் பேத்தி ராத்திரி தூங்குவதற்கு முன் போனில் கதை கேட்கிறாள். ஒரு நாள் கூப்பிட்டு, "தாத்தா, இது நீங்க எழுதின நரிக் கதைதானே?" என்றிருக்கிறாள். அவர் கதைதான். நல்ல குரலில் ஒரு பெண் வாசித்திருக்கிறார். பின்னணியில் புல்லாங்குழல்கூட உண்டு. "ரெண்டு நாள் சந்தோஷமாத்தான் இருந்தேன் தம்பி. மூணாவது நாள்தான், நம்மகிட்ட யாரும் கேக்கலையேன்னு தோணுச்சு."

அவர் கொண்டுவந்த தாள், கதைகளைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தபோது போட்ட ஒப்பந்தம். அதில் அவர் கையெழுத்திட்டது 2014 டிசம்பரில். புத்தகக் காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். அட்டை அச்சாகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று பதிப்பகத்திலிருந்து ஆள் வந்து நின்றிருக்கிறார். இருபத்தைந்து கதைகளுக்கு ஆறாயிரம் ரூபாய். தாள் முழுக்க ஆங்கிலம். "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு முப்பத்துமூணு வருஷம் பிள்ளைங்களுக்குச் சொன்னவன் நான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான படைப்புகள் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அந்த இரண்டு தாளைப் படித்து அவருக்கு ஒரு பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

மின்சார ரயில் பிடித்துக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, தம்புச் செட்டித் தெருவுக்கு நடந்தோம். அங்கே மூன்றாவது மாடியில் எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். ஐந்து நிமிடத்தில் படித்து முடித்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாத்தியாரைப் பார்த்தார்.

"சார், இதுல எத்தனை வருஷத்துக்குன்னு எழுதவே இல்ல. கவனிச்சீங்களா?"

"இல்லம்மா. அது தப்பா?"

"தப்பு உங்களோடது இல்ல சார். அது உங்களுக்கு நல்லது."

அன்று அவர் விளக்கியதை என் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அது. ஒரு படைப்பின் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்து வருடம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். எல்லை சொல்லாமல் விட்டிருந்தால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக, 2014-இல் போன நரி 2019-இலேயே வாத்தியாரிடம் திரும்பி வந்துவிட்டது. அவருக்குத் தெரியாது, பதிப்பகத்துக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. நாவலின் சினிமா உரிமையை டோக்கன் அட்வான்ஸோடு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் நண்பர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். 'நம்ம கதை அங்க மாட்டிக்கிட்டு இருக்கு' என்று புலம்புகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது தங்கள் பீரோவுக்குள்தான்.

வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பவில்லை. வாத்தியார் பெயரிலேயே தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. மன்னிப்புக் கேட்டார்களாம். ஒலி வடிவத்துக்குத் தனியாகப் பங்கு, மூன்று வருடக் கெடு என்று புதிய தாள் வந்திருக்கிறது, தமிழிலேயே. பணம் பெரிய தொகை இல்லை. சென்னைக்கு வந்துபோன செலவைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் இப்போது அவர் போனில் பேசுகிற குரலே வேறு.

இதையெல்லாம் கேட்டு உங்களுக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியது. தம்புச் செட்டித் தெருவில் தெரிந்தவர் இல்லாதவர் என்ன செய்வார்?

அதற்கு வருவதற்கு முன், கேட்கவே கூச்சப்படுகிறோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. காசு பேசுகிற கலைஞரை நம் ஊரில் கொஞ்சம் தள்ளி நிறுத்தித்தான் பார்ப்பார்கள். கோயில் கொடை நடக்கும் ஊரில் நையாண்டி மேளத்துக்குப் பேசுவதென்றால் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கைமாறும்; வாய்வார்த்தைதான் எல்லாம். அது நாணயமான வழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. பத்திரிகை உலகத்திலும் அப்படித்தான். ஒப்பந்தம் கேட்டால் ஆசிரியர் தப்பாக நினைப்பாரோ என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம். கேட்டதற்காக எந்த ஆசிரியராவது முகம் சுளித்தால், அவரிடம் இன்னும் கவனமாக இருங்கள் என்றுதான் சொல்வேன்.

கூச்சத்தின் விலை எவ்வளவு என்பதற்கு நம் மொழியிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பாரதி 1921-இல் மறைந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் எழுத்தின் உரிமைகள் குடும்பத்தின் கையைவிட்டு ஒவ்வொன்றாகப் போயின. பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை படத் தயாரிப்பாளர் ஏவி.மெய்யப்பனிடம் வந்து சேர்ந்திருந்தது. நாடெங்கும் பாடிய பாட்டுக்கு ஒருவர் அனுமதி தர வேண்டிய நிலை. எழுத்தாளர்களும் வாசகர்களும் கிளர்ச்சி செய்த பிறகு, 1949-இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைத் தன்வசமாக்கி, 1955-இல் பொதுமக்களுக்கே கொடுத்தது. மெய்யப்பன் சட்டப்படி வாங்கியவர். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உரிமை என்பது பிரித்துப் பிரித்து விற்கக்கூடிய பொருள் என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதியவரின் வீட்டில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

இப்போது சொல்ல ஆள் இருக்கிறார்கள். நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று பலகை தொங்கும். மக்கள் வாயில் அது இலவச சட்ட உதவி மையம். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 1987-இல் நிறைவேறி 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு அடிப்படை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. ஒரு பெண் ஓவியர் எவ்வளவு சம்பாதித்தாலும், வழக்கறிஞரை இலவசமாகக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மற்றவர்களுக்கு அரசு வகுத்த வருமான வரம்பு உண்டு; நம் கலைஞர்களில் பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தேசிய அளவில் இயங்கும் உதவி எண் அது.

எழுதுவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்துவிடலாமே என்று ஒரு மாவட்டத் தலைநகரின் மையத்துக்கு நானே போனேன். தரைத்தளம், நீளமான மர பெஞ்சு, மின்விசிறிக்குக் கீழே பதிவேட்டோடு ஒரு தன்னார்வலர். பெஞ்சில் எனக்கு முன்னால் ஆறு பேர்: ஜீவனாம்சம், பட்டா, லாரி மோதிய விபத்துக்கு இழப்பீடு. என் முறை வந்ததும், 'ஒருத்தர் எழுதின கதையை இன்னொருத்தர் கேக்காம எடுத்துக்கிட்டா இங்க வரலாமா?' என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கதைக்கா சார்? கதைக்குன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே!" ஆனால் விரட்டவில்லை. விண்ணப்பத்தை எடுத்து நீட்டி, "எழுதிக் குடுங்க, உள்ள ஐயாகிட்ட வைக்கிறேன்" என்றார். உள்ளே செயலாளராக இருப்பவர் நீதித்துறை அதிகாரி.

அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒதுக்கப்படும் வழக்கறிஞர் அதற்கு முன் பதிப்புரிமை வழக்கு ஒன்றுகூடப் பார்த்திராதவராக இருக்கலாம். மனம் தளர வேண்டாம். அவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுங்கள். கையெழுத்திட்ட தாளின் நகல், படைப்பு முதலில் வெளியான இதழோ புத்தகமோ, பணம் வந்த நாளைக் காட்டும் பாஸ்புக் பக்கம், போனில் வந்த செய்திகள், எல்லாவற்றுக்கும் மேலே எது எந்தத் தேதியில் நடந்தது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தை எழுதுவதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். அதுதானே உங்கள் தொழில். வாட்ஸ்அப்பில் வந்ததை 'போன் நிறைஞ்சுபோச்சு' என்று அழித்துவிடாதீர்கள். 'சரி சார், பத்தாயிரம் தர்றோம், அனுப்புங்க' என்ற ஒரு வரி நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

வழக்கு என்றதும் சென்னைக்கும் டெல்லிக்கும் அலைய வேண்டுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு அந்தப் பயத்தை எதிர்பார்த்தே எழுதப்பட்டது போலிருக்கிறது. உரிமை பறிபோனவர் தான் வசிக்கிற, அல்லது தொழில் செய்கிற இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். எடுத்தவர் மும்பையில் இருந்தாலும் தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடியிலேயே கேட்கலாம். நீதிமன்றப் படி ஏறாமலே பேசித் தீர்க்கவும் வழி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005-இல் தொடங்கியது. மாவட்டங்களிலும் சமரச மையங்கள் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் கிடையாது. அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு இல்லை. அந்தக் கடைசி விஷயத்தைத் தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

எல்லாவற்றுக்கும் வழக்குப் போடலாம் என்று அர்த்தமில்லை. 'என் கதையைத் திருடிவிட்டார்கள்' என்று மாதம் ஒரு கடிதமாவது இந்த மேஜைக்கு வருகிறது. பாதிக் கடிதங்களில் திருடுபோனதாகச் சொல்லப்படுவது ஒரு கரு. கருவுக்குச் சட்டத்தில் காவல் இல்லை. அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் காவல். 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆர்.ஜி.ஆனந்த் என்ற நாடகாசிரியர், தன் 'ஹம் இந்துஸ்தானி' நாடகத்திலிருந்துதான் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தை எடுத்தார்கள் என்று வழக்காடினார். இரண்டிலும் மாநிலம் விட்டு மாநிலம் காதல், இரண்டிலும் பிரதேச வெறி. ஆனால் சொன்ன விதம் வேறு என்று வழக்கு தள்ளுபடியானது. இதை முதல் நாளே சொல்லி, 'வேண்டாம் சார், வீட்டுக்குப் போய் அடுத்த கதையை எழுதுங்க' என்று திருப்பி அனுப்புகிற வக்கீலும் உங்களுக்கு உதவி செய்தவர்தான்.

பதிவு செய்தால்தான் உரிமை என்பது இன்னொரு தவறான எண்ணம். எழுதி முடித்த அந்த நொடியிலேயே உரிமை உங்களுடையது. ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் அறுபது வருடம். பதிவு ஒரு சாட்சி மட்டுமே. ஆனால் நல்ல சாட்சி. எழுத்துக்கும் ஓவியத்துக்கும் கட்டணம் ஐந்நூறு ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர்கள் இதற்கு ஐயாயிரம் கேட்பதாகக் கேள்விப்படுகிறேன், கொடுக்காதீர்கள். (காப்புரிமை என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. நமக்கு வேண்டியது பதிப்புரிமை. நம் பத்திரிகைகளே இரண்டையும் குழப்பியிருக்கின்றன, நம் இதழ் உட்பட.)

ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் மட்டும் இங்கே கொஞ்சம் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். எழுத்தாளருக்கு இல்லாத ஒரு பள்ளம் அவர்களுக்கு இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து, கேட்டு எடுக்க வைத்த புகைப்படமோ வரைய வைத்த ஓவியமோ, வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, காசு கொடுத்தவருக்கே முதல் உரிமை என்கிறது 17-ஆவது பிரிவு. கல்யாண ஆல்பத்துப் படத்தைத் தன் ஸ்டுடியோ விளம்பரத்தில் போட்டு மாட்டிக்கொண்ட தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். 'வேறு மாதிரி பேசிக்கொள்வது' என்றால் பெரிய பத்திரம் எழுத வேண்டியதில்லை. 'இந்தப் படங்கள் உங்கள் புத்தகத்தின் இந்தப் பதிப்புக்கு மட்டும், மற்ற உரிமைகள் என்னிடம்' என்று வேலை தொடங்கும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'சரி' என்ற பதிலை வாங்கிவிட்டால் அதுவே பெரிய பாதுகாப்பு.

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் 2012-இல் வந்த திருத்தம் ஒரு நல்ல கதவைத் திறந்தது. படத்தில் இடம்பெறும் பாட்டுக்கு, திரையரங்கில் படத்தோடு ஓடுவது போக மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று வாதாடிப் பெற்ற விஷயம் இது. 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கம்தான் அந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது. உறுப்பினராகாத பாடலாசிரியருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

ஆனால் எனக்கு அதிகம் மனம் இளகுவது மேடைக்குக் கீழே நிற்கிறவர்களுக்காக. 'நிகழ்த்துநர்' என்றால் யார் என்று அதே சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் என்று தொடங்கி, கழைக்கூத்தாடி, பந்தாட்ட வித்தைக்காரர், மாயவித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரைக்கும் போகிறது. சட்டப் புத்தகத்தில் பாம்பாட்டியைப் பார்த்ததும் எழுந்து கைதட்டலாம் போலிருந்தது எனக்கு. பறைக் குழுவோ கரகாட்டச் செட்டோ ஆடுவதை அவர்கள் சம்மதமில்லாமல் பதிவுசெய்து வியாபாரம் பண்ண முடியாது. நிகழ்ச்சி நடந்த காலத்திலிருந்து ஐம்பது வருடத்துக்கு அந்த உரிமை நிற்கும். திருவிழாவில் யாரோ எடுத்த வீடியோ லட்சக்கணக்கானோர் பார்த்து, எடுத்தவருக்கு விளம்பரக் காசு வருகிறது. ஆடிய பெண்ணுக்கு ஆபாசக் கமெண்டு மட்டும் வருகிறது. இதற்குச் சட்ட உதவி மையத்தின் பெஞ்சில் போய் உட்கார வேண்டியவர்கள் அவர்கள்தான். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

உரிமைச் சண்டையைவிடச் சம்பளப் பாக்கிதான் அன்றாடத் தலைவலி என்று சொல்கிறவர்களும் நிறைய. அட்டை வடிவமைப்பவர், மொழிபெயர்ப்பவர், வீடியோ எடிட்டிங் செய்பவர் எல்லாருக்கும் ஒரே பல்லவி: 'அடுத்த வாரம் போட்டுடறோம்.' தனியாளாக இத்தகைய சேவை செய்கிறவர்கள் 'உத்யம்' தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம், கட்டணமில்லை. பதிந்திருந்தால், வாங்கிய வேலைக்கு நாற்பத்தைந்து நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி, 2006-ஆம் வருடச் சட்டப்படி. புகார் கேட்பதற்கென்றே தனி மன்றம் உண்டு. ஒரே நிபந்தனை, வேலையை எடுப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பாக்கிக்கு அது கைகொடுக்காது. சாதாரண வழியில் போவதென்றாலும் மூன்று வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். மரியாதைக்காகப் பொறுத்திருந்தே கெடுவைத் தாண்டியவர்கள் பலர்.

இதுவரை காசு பற்றியே பேசிவிட்டேன். காசுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில், 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகன் ஒரு தாளில் கையெழுத்திட்டார். நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியிருந்த நேரம் அது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு அவர் எழுதுவதையே நிறுத்தினார். அந்தத் தாள் செல்லுமா என்று நீதிமன்றத்தில் கேட்கும் தெம்பு அப்போது அவருக்கு எங்கே இருந்திருக்கும்? தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச.தமிழ்ச்செல்வன் அதைக் கேட்டார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. அவர் மறுபடி எழுத வந்தார். சட்டப் புத்தகத்தைவிட இந்தச் சம்பவம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. பயந்திருக்கும் ஆளுக்குத் தன் வழக்கைத் தானே நடத்தத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வக்கீலிடம் கூட்டிப்போகிறவராக இருந்தால் போதும். சங்கச் சந்தாவை வெட்டிச் செலவு என்று நினைக்கிற இளைய நண்பர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

வாத்தியார் ஊருக்குக் கிளம்பும்போது எழும்பூர் நிலையத்தில் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, உங்க இதழ்ல எழுதுறோமே, அதுக்கு என்ன உரிமை, என்ன எழுத்து?"

நான் டீக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் எழுத்து எதுவும் இல்லை. சன்மானம் அனுப்புகிறோம், அவ்வளவுதான். இத்தனைக்கும் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: பத்திரிகையில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவரிடம்கூட, பத்திரிகைக்குக் கிடைப்பது பத்திரிகையில் அச்சிடும் உரிமை மட்டுமே, புத்தகமாக்குவது உட்பட மற்றதெல்லாம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதியவருக்கே. வெளியிலிருந்து எழுதுகிறவர் விஷயத்தில் அதுகூடப் பத்திரிகைக்குத் தானாக வந்துவிடாது, எல்லாமே அவருடையது. ஆனால் நம் பழைய தொகுப்பு மலர் ஒன்றில் நாற்பது பேருடைய கதைகளைக் கேட்காமலே எடுத்துப் போட்டிருக்கிறோம். அதில் வாத்தியாரின் கதையும் ஒன்று என்பது அலுவலகம் திரும்பிப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த நாற்பது பேரில் முகவரி கிடைத்தவர்களுக்குக் கடிதமும் உரிய தொகையும் போய்க்கொண்டிருக்கின்றன. காலமானவர்களின் குடும்பத்தாரைத் தேடுகிறோம். அந்த மலரில் உங்கள் அப்பாவோ அம்மாவோ எழுதியிருந்தால் தயவுசெய்து எங்களுக்கு எழுதுங்கள்.

வாசகர்களில் வழக்கறிஞர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத் தலைப்புகளிலிருந்து தெரியும். மாதம் ஒரு தாள், ஒரே ஒரு தாள் இலவசமாகப் படித்துச் சொல்ல முடியும் என்றால் உங்கள் ஊரைக் குறிப்பிட்டு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அந்த ஊர்ப்பக்கத்து எழுத்தாளரையோ கலைஞரையோ உங்களிடம் அனுப்பிவைக்கிறோம். புத்தகக் காட்சிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இப்போதுதான் தாள்கள் அவசர அவசரமாகக் கைமாறும்.

இந்த இதழில் எழுதியிருப்பவர்களுக்கு இம்முறை சன்மானக் காசோலையோடு தமிழில் ஒரு பக்கக் கடிதமும் வரும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த வடிவத்துக்கு என்று அதில் எழுதியிருக்கும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும் கையெழுத்திடாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். காசோலையை மட்டும் வங்கியில் போட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே உங்களுடையது.

அன்புடன்,
ஆசிரியர்